எஞ்சிய துண்டுகள்: ஜே. சி. குமரப்பாவை இன்று வாசித்தல்

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்ட தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர், ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று பொருளியல் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார். எழுதியவர் ஜே. சி. குமரப்பா. இரண்டாம் நூலின் பெயர் 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்'. தமிழில் 'நிலைத்த பொருளாதாரம்' எனச் சுட்டலாம்.

ஒரே சிறையில் பிறந்த இவ்விரு நூல்களையும் தனித்தனியே வாசிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. சமய நூலைச் சமய ஆர்வலர்களும், பொருளியல் நூலைக் கிராமத் தொண்டர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டாம் நூல் முதல் நூலின் விரிவுரை என்றே எனக்குத் தோன்றுகிறது. மனிதன் எப்படி வாழவேண்டும் என்று நற்செய்தி சொல்கிறதோ, அப்படி வாழ்பவனின் வீடு, அடுப்பு, வயல், சந்தை ஆகியவை எவ்வாறு அமையவேண்டும் என்பதை இந்நூல் சொல்ல முயல்கிறது. அம்முயற்சி எவ்வளவு தூரம் வெற்றி பெறுகிறது என்பதை, அண்ணனூர் போன்ற ஒரு புறநகர்ப் பகுதியின் வீட்டுக் குப்பைக்கூடையை அருகில் வைத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலாசிரியர்

குமரப்பா 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். இலண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் கற்றார். அரசு எவ்வாறு வரி தண்டுகிறது, அதனை எவ்வாறு செலவிடுகிறது என்பதை ஆராயப் புகுந்தவர், இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் நிதிக்கொள்கைக்கும் இடையே உள்ள உறவைக் கண்டார். 1929இல் தாயகம் திரும்பிக் காந்தியடிகளைச் சந்தித்தார். மேல்நாட்டு உடையைக் களைந்து கதர் உடுத்தினார். 1934இல் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்று, வார்தாவின் மகன்வாடியில் பணியாற்றினார். இறுதி ஆண்டுகளை மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே இறைவனடி சேர்ந்தார்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். திருச்சபைத் தலைவர்கள் அன்னிய ஆட்சிக்கு அரணாக நின்றதைக் கடிந்து எழுதத் தயங்காதவர். அதனாலேயே கிறிஸ்தவர் பலர் அவரைத் தம்மவராகக் கொண்டாடத் தயங்கினர் போலும். ஆயினும் உலகம் அவரை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1973இல் ஷூமாக்கர் தம் புகழ்பெற்ற 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். வெளிநாட்டார் வழியாக நம்மவரை அறிந்துகொள்ளும் நிலை நமக்குப் புதிதன்று.

இயற்கையின் கணக்கு

நூல் இயற்கையை உற்றுநோக்குவதில் தொடங்குகிறது. மண்ணில் விழுந்த விதை, அதனைக் கொண்டுசென்ற பறவை, மண்ணைக் கிளறும் புழு, உதிர்ந்து மட்கும் இலை ஆகிய ஒவ்வொன்றும் தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போதே மற்றொன்றின் வாழ்வுக்குத் துணைசெய்கிறது. இந்தச் சுழற்சி அறாமல் நிற்கும்வரை வாழ்வு நிலைக்கிறது. அறுபடும் இடத்தில் வன்முறை தோன்றுகிறது. குமரப்பாவின் முழு வாதமும் இந்த ஒரு நோக்கின்மேல் எழுப்பப்பட்டுள்ளது.

அங்கிருந்து அவர் ஐந்து வகைப் பொருளியல்களைப் பிரிக்கிறார். பிற உயிரை அழித்து வாழ்வது ஒட்டுண்ணிப் பொருளியல். நகைக்காகக் குழந்தையைக் கொல்லும் திருடன் இதற்கு எடுத்துக்காட்டு. அழிக்காமல், ஆனால் எதையும் திருப்பித் தராமல் எடுத்துக்கொள்வது கொள்ளைப் பொருளியல். தோப்பில் புகுந்த குரங்கும், கூட்டத்தில் சட்டைப்பையைத் துழாவுபவனும் இவ்வகையினர். எடுத்துக்கொள்வதற்கு ஈடாக உழைப்பைத் தருவது முயற்சிப் பொருளியல். உழுது எருவிட்டு விளைவிக்கும் உழவர் இதில் அடங்குவார். தனக்கென்று சேர்க்காமல் கூட்டத்துக்காகச் சேர்ப்பது கூட்டுப் பொருளியல். தேனீக்களும் கூட்டுக்குடும்பத்தினரும் இதற்குச் சான்று. கைம்மாறு கருதாமல் கொடுப்பது தொண்டுப் பொருளியல். குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையில் அதன் முகத்தைக் காண்கிறார்.

இப்பகுப்பில் ஒரு மறையுரையாளரின் குரல் கேட்கிறதே அன்றிப் பொருளியலாரின் குரல் கேட்கவில்லை என்று சிலர் குறை சொல்லலாம். நான் அதனைக் குறையாகக் கருதவில்லை. வரவு செலவைத் தணிக்கை செய்யப் பழகிய ஒருவர், மனிதன் பூமியிடமிருந்து பெற்றது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறார். அறவுரையாக மட்டும் நின்றிருந்தால் இக்கேள்வி நம்மை இவ்வளவு உறுத்தாது.

அடுத்து அவர் செய்யும் பிரிவினை இன்னும் கூர்மையானது. நிலக்கரி, பெட்ரோலியம், கனிமங்கள் போன்றவை சேமித்து வைக்கப்பட்ட செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். காடு, பயிர், ஓடும் நீர் போன்றவை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் செல்வம். அளவறிந்து எடுத்தால் வற்றாது. குறைந்துபோகும் செல்வத்தின்மேல் வாழ்வைக் கட்டியவர்கள், அது தீரும்போது பிறருடையதைப் பறிக்கப் போர் தொடுப்பார்கள் என்பது அவருடைய முடிவு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட நூல் இது என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

நம் பகுதி வாசகருக்கு இப்பிரிவினையை விளக்க நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து காவிரி நீரை ஏற்றிய முதல் இரயில் 50 வேகன்களில் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டருடன் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அரக்கோணம் தடத்தில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில், அண்ணனூர் வழியேதான் அந்நீர் போயிற்று. ஆவடி, அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரிகள் வரிசையாக அமைந்த ஒரு நிலப்பரப்பின் நடுவே, ஆற்று நீர் தண்டவாளத்தில் உருண்டு சென்றது! தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செல்வத்தையும் குறைந்துபோகும் செல்வமாக மாற்றிவிட மனிதனால் இயலும் என்பதை அந்த இரயில் காட்டியது. குமரப்பாவின் பகுப்பு இதனை முழுதும் எதிர்பார்க்கவில்லை. ஏரி இருந்தும் அதில் கழிவு கலந்தால், அளவறிந்து எடுப்பதற்கு அங்கே என்ன இருக்கும்?

'குப்பை' என்னும் சொல்

நம் சிற்றூர்களில் 'குப்பை அடிப்பது' என்றால் வயலுக்கு எரு கொண்டுபோய்க் கொட்டுவது என்று பொருள். குப்பைக்குழி என்றால் எருக்குழி. சாணமும் வைக்கோலும் சாம்பலும் காய்கறித் தோலும் அதில் சேர்ந்து மட்கி, உழவருக்குச் செல்வமாயின. அதே சொல் நகரத்தில் வேண்டாத பொருளைக் குறிக்கத் தொடங்கிற்று. சொல் மாறவில்லை. மாறியது பொருள் மட்டுமே. வீட்டுக்கும் வயலுக்கும் இடையே இருந்த சுழற்சி அறுந்ததையே அந்தப் பொருள் மாற்றம் பதிவு செய்திருக்கிறது. குமரப்பா பல பக்கங்களில் விளக்குவதைத் தமிழ் இந்த ஒரு சொல்லில் வைத்திருக்கிறது.

சென்ற தலைமுறையின் சமையலறையை எண்ணிப் பாருங்கள். அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்குச் சென்றன. அடுத்த வீட்டுப் பசு அதனைக் குடித்தது. மீந்த சோறு நீருற்றப்பட்டு மறுநாள் காலை உணவாயிற்று. கிழிந்த புடவை தொட்டில் துணியாகி, பின் கைப்பிடித் துணியாகி, இறுதியில் அடுப்படியில் நூலாய்ப் போனது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருபவர் தெருவில் கூவிச் சென்றார். எஞ்சியது காயலான் கடைக்குப் போயிற்று. அக்காலத்தில் வறுமை இருந்தது. அதனைப் பொற்காலம் என்று நான் போற்ற முன்வரவில்லை. ஆனால் எந்தப் பொருளும் ஒரே ஒரு முறை பயன்படுவதற்காக வீட்டுக்குள் நுழையவில்லை என்பது உண்மை.

இன்று நம் வீட்டுக் கூடையில் பெரும்பகுதி ஈரக்கழிவு. அதனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிகிறோம். காற்றுப் புகாத குவியலில் அது அழுகும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. அதிலிருந்து வடியும் கரிய நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் நாட்கணக்கில் எரிந்ததற்கு இத்தகைய வாயுவும் காரணமாகக் கூறப்பட்டது. நாம் எறிந்த வாழைப்பழத் தோல் அங்கே எரிபொருளாகிறது. அதே தோல் ஒரு மண்தொட்டியில், காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ மேலே தூவப்பெற்று, காற்றுப் புகும்படி இருந்தால் இரண்டு மூன்று மாதங்களில் உரமாகிறது. 1920களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் வேளாண் அறிஞர், இந்திய உழவர்களிடம் கற்றதையும் சேர்த்து இம்முறையை ஒழுங்குபடுத்தினார். காற்றும் ஈரமும் அளவோடு சேர்வதே அதன் இரகசியம்.

இங்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். கோடை தொடங்கும்போது நம் தெருக்களில் புங்கமரங்கள் பூத்து உதிர்கின்றன. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த அப்பூக்கள் தரையில் விரிப்புப்போல் கிடக்கின்றன. தொடர்ந்து வேப்பம்பூ மணக்கிறது. அவற்றைக் கூட்டிக் குவித்துத் தீயிடுகிறோம். பருத்திப்பட்டு ஏரிக்கு வரும் கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் பெயர் சொல்லி அறியும் சிறுவர்கள் எத்தனை பேர்? பார்க்கத் தெரியாத ஒன்றைக் காக்கவும் தெரியாது. குமரப்பா தம் நூலை இயற்கையை நோக்குவதிலிருந்து தொடங்கி, பின்னரே மனிதனின் கடமைக்கு வந்தார். அந்த வரிசை பொருள் பொதிந்தது.

இன்பத்தைப் பிரித்தெடுத்தல்

நூலில் என்னை மிகவும் கவர்ந்தது உழைப்பைப் பற்றிய பகுதி. ஒவ்வொரு வேலையிலும் சலிப்பூட்டும் கடினமும் உண்டு, மகிழ்வூட்டும் பயனும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்திருக்கும்போதுதான் வேலை மனிதனை வளர்க்கிறது. இன்பத்தைத் தனக்கும் கடினத்தைப் பிறருக்கும் எனப் பிரிக்க முயன்றதன் விளைவே அடிமை முறையும் பேரரசுகளும் என்கிறார் குமரப்பா.

இதனை நுகர்வுக்கும் பொருத்திப் பார்க்கலாம். பொருளை வாங்கும் மகிழ்ச்சி நமக்கு. அதன் எச்சத்தைத் தொட்டுப் பிரிக்கும் கடினம் வேறொருவருக்கு. சோறும் சானிட்டரி நாப்கினும் உடைந்த கண்ணாடியும் ஒரே பையில் கட்டப்பட்டு வாசலில் வைக்கப்படும்போது, தூய்மைப் பணியாளரின் கை அதனுள் நுழைகிறது. மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என்று பிரித்துத் தரவேண்டும் என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாருக்குக் கடமை விதித்தன. அதனை மாநகராட்சியின் கட்டுப்பாடு என்று மட்டும் எண்ணுகிறவர்கள் ஒரு மனிதரின் விரல்களை மறந்துவிடுகிறார்கள். பிரித்துக் கொடுப்பது பிறரன்புக் கட்டளையின் ஒரு பகுதி. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் மனச்சான்றை ஆராயும்போது இதனையும் ஆராயலாம்.

நூலின் குறைகள்

போற்றுதலோடு நின்றுவிட்டால் திறனாய்வு நிறைவுபெறாது. மூன்று குறைகளைச் சுட்ட விரும்புகிறேன்.

முதலாவது, குமரப்பாவின் இயற்கை மிகவும் சாந்தமானது. ஒட்டுண்ணியையும் வேட்டையாடும் விலங்கையும் அவர் குறிப்பிட்டாலும், அவற்றைத் தாழ்ந்த படிகளாக ஒதுக்கிவிட்டு ஒத்துழைப்பையே இயற்கையின் உண்மை முகமாகக் கொள்கிறார். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்களுக்கு இது போதாது. படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையில் இருக்கிறது என்னும் பொருளில் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியது இவ்வகையில் ஆழமான பார்வை. படைப்பு அழகியது, அதே வேளையில் அது மீட்புக்காகக் காத்திருப்பது. இவ்விரண்டில் ஒன்றைவிட்டால் இயற்கை வெறும் பாடநூலாகிவிடும்.

இரண்டாவது, கடினத்தைப் பிறர்மேல் ஏற்றுவதைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதியவரின் தராசு, நம் நாட்டில் அந்தப் 'பிறர்' யார் என்பது பிறப்பாலேயே முடிவுசெய்யப்பட்டதை நிறுக்கப் போதவில்லை என்பது என் கருத்து. கழிவை உரமாக்குவது நல்லது. ஆனால் கழிவைச் சுமந்த தோள்கள் எவருடையவை? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இலும், மீண்டும் 2013இலும் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. சுழற்சியைப் பற்றிப் பேசும் எந்தப் பொருளியலும் சாதியைப் பற்றிப் பேசாமல் முழுமை பெறாது.

மூன்றாவது, அவர் வாங்குபவரின் பொறுப்பை மிக உயர்வாக வைக்கிறார். ஒரு கோகோ டப்பாவை வாங்கும் இல்லத்தரசி, அது விளைந்த தோட்டத்தில் நடந்த கட்டாய உழைப்புக்கும் அது வந்த கடல்வழிக்காக நடந்த போருக்கும் உடந்தையாகிறார் என்ற கருத்தை அவர் எழுத்தில் காணலாம். உண்மைதான். ஆயினும் நாட்கூலி பெறும் ஒரு தாய், ஒரு முழு பாட்டிலுக்குப் பணம் இல்லாததால் ஒற்றைச் சாஷே ஷாம்பு வாங்குகிறார். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக நின்று பரப்பிய அந்தச் சிறு உறை, ஏழைக்கும் எட்டும் விலையில் பொருளைக் கொண்டுவந்தது. ஆனால் பல படலங்கள் ஒட்டிய அவ்வுறையைக் காயலான் கடைக்காரர்கூட எடுப்பதில்லை. இங்கே குற்றம் அந்தத் தாயுடையதா? பொருளை உருவாக்கி விற்பவரே அதன் உறைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் நெறியை 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் 2022ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களும் வகுத்தன. குமரப்பாவின் அறநோக்கோடு இந்த நீதிநோக்கும் சேரவேண்டும். இல்லையேல், 'வீணாக்காதீர்' என்னும் நம் மறையுரைகள் குறைவாக வீணாக்குகிறவர்களையே அதிகம் கடிந்துகொள்ளும்.

திருமடலும் துண்டுகளும்

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015இல் 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் திருமடலை வெளியிட்டபோது பலர் அதனைப் புதுமையாகக் கருதினர். எறிந்துவிடும் பண்பாட்டை அவர் கண்டித்ததும், ஏழைகளின் அழுகுரலையும் பூமியின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்டதும், விளக்கை அணைப்பது, குப்பையைப் பிரிப்பது, உண்ணும் அளவே சமைப்பது போன்ற சிறு செயல்களை ஆன்மீகத்தின் பகுதியாகக் கொண்டதும் நம்மை வியப்பில் ஆழ்த்தின. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையில் பிறந்த ஒருவர் இதன் பெரும்பகுதியைச் சிறையிலிருந்து எழுதியிருந்தார். திருமடலை வாசித்தவர்கள் குமரப்பாவையும் வாசித்தால், அதன் கருத்துகள் நம் மண்ணுக்கு அன்னியமல்ல என்பதை உணர்வார்கள்.

அப்பம் பலுகிய நிகழ்வை நான்கு நற்செய்தியாளரும் எழுதியுள்ளனர். எஞ்சியவை சேகரிக்கப்பட்டன என்று மற்ற மூவரும் செய்தியாகச் சொல்கிறார்கள். யோவான் மட்டுமே, எதுவும் வீணாகாதபடி அவற்றைச் சேர்க்குமாறு ஆண்டவரே சீடருக்குப் பணித்தார் என்கிறார். அவை வாற்கோதுமை அப்பங்கள், அதாவது ஏழைகளின் உணவு, என்று குறிப்பிடுபவரும் அவரே. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்கு ஆக்கத் தெரிந்தவருக்குத் துண்டுகள் தேவையில்லை. இருந்தும் குனிந்து பொறுக்கச் சொன்னார். நிறைவு இருக்கும் இடத்திலும் வீணாக்க உரிமை இல்லை என்று இதனால் அறிகிறோம். பொறுக்கியவர்கள் வேலைக்காரர்கள் அல்லர், திருத்தூதர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும்.

இந்த ஒளியில் நம் பங்குகளைப் பார்ப்போம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிற்று. நம் திருவிழாக்களில் அசனம் முடிந்தபின் வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பூசிய தாள் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் குவிந்திருக்கின்றன. தேர்பவனிக்கு ஃபிளெக்ஸ் பதாகை, கிறிஸ்மஸ் குடிலுக்குத் தெர்மோகோல், பீடத்துக்குப் பிளாஸ்டிக் மலர். எதுவும் வீணாகக் கூடாது என்ற ஆண்டவரின் பெயரால் நடக்கும் விழாவுக்கு இவை பொருந்துமா? வாழையிலையும் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் டம்ளரும் துணிப் பதாகையும் நம்மிடம் இல்லாதவை அல்ல. அன்பியங்கள் தமக்குள் பேசி, பங்குக்கெனத் தட்டும் டம்ளரும் வாங்கிவைத்து, விழாவுக்குப் பின் முறைவைத்துக் கழுவலாம். கழுவும் கைகளில் ஆண்களின் கைகளும் இருக்கட்டும். குமரப்பா சொன்ன கடினமும் இன்பமும் அப்போது ஒருவரிடமே சேரும்.

'உயர்ந்த வாழ்க்கைத் தரம்', 'தாழ்ந்த வாழ்க்கைத் தரம்' என்னும் வழக்கைக் குமரப்பா ஏற்கவில்லை. 'சிக்கலான வாழ்வு', 'எளிய வாழ்வு' என்றே சொல்லவேண்டும் என்றார். பொருள்கள் பெருகினால் வாழ்வு சிக்கலாகும். அது உயர்ந்துவிட்டது என்று முடிவுகட்ட எந்த நியாயமும் இல்லை. இந்த ஒரு திருத்தத்துக்காகவே அந்நூலை நம் குடும்பங்கள் வாசிக்கலாம்.

மொத்தத்தில், 'நிலைத்த பொருளாதாரம்' குறைகள் உள்ள நூல். நகரத்தை அது போதுமான அளவு அறியவில்லை. பிளாஸ்டிக்கை அது கண்டதில்லை. சாதியின் முன் அதன் குரல் தணிகிறது. ஆயினும் பெற்றதற்குத் திருப்பித் தந்தாயா என்று அது கேட்கும் கேள்வி இன்னும் விடை பெறவில்லை. நம் பங்கு நூலகங்களில் புனிதர் வரலாறுகளுக்கு அருகே அதற்கும் ஓர் இடம் தரலாம். வாசித்து முடித்தவர், அன்று மாலையே ஒரு பழைய மண்தொட்டியின் அடியில் துளையிட்டு, காய்ந்த இலைகளைப் பரப்பி, அன்றைய காய்கறித் தோலை அதில் இடட்டும்.